மாதம் தவறாமல் எடுத்த நகல்

2024 டிசம்பர் முதல் வாரத்தில் நம் ஊர் மொத்த மளிகை வியாபாரி ஒருவர் ஒரு பென் டிரைவையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தார். நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது நினைவிருக்கும். அதையொட்டிய மழை நாட்களில் அவர் கடையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. ஒருமுறை போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் கடைக் கம்ப்யூட்டர் அணைந்தது, பிறகு எழவில்லை. ஆனாலும் அவர் கலங்கவில்லை. "மாதக் கடைசி தவறாமல் முழு டிஸ்க்கையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். புது டிஸ்க் போட்டு இதை ஏற்றினால் தீர்ந்தது" என்றார். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம் உறுப்பினர்களில் இப்படிச் சொல்லக்கூடியவர்கள் அதிகம் பேர் இல்லை. எனவே நமக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

நகலை ஏற்றினோம். கோளாறு ஏதும் இல்லாமல் ஏறியது. கணக்கு மென்பொருளும் திறந்தது. பற்று வரவைப் பார்த்தால் கணக்கு 2021 ஆகஸ்டோடு நின்றிருந்தது!

மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட கொள்முதலும் விற்பனையும் கடன் பாக்கியும் அதில் இல்லை. அவர் முகத்தை அன்று பார்த்தவர்கள் நாம். இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது அதனால்தான். அந்த மென்பொருளை எந்த நிறுவனம் செய்தது என்பது இங்கே முக்கியமல்ல. அது தன் காலத்துக்கு நேர்மையாக வேலை செய்த சரக்குதான். அதைப் புதிய கம்ப்யூட்டரில் போட்டதில்தான் தவறு நேர்ந்தது. அந்தத் தவறு நம்மில் யாருக்கும் நேரலாம்.

நடந்தது இதுதான். 2009-இல் வாங்கிய பழைய கம்ப்யூட்டருக்கு மெக்கானிக் தம்பி ஒரு சிடி கொடுத்திருந்தார். அந்தச் சிடியைப் போட்டு கம்ப்யூட்டரை எழுப்பினால் விண்டோஸ் வராது. நகல் எடுக்கும் மென்பொருள் வரும். எந்த டிஸ்க், எங்கே நகல் வைக்க வேண்டும் என்று கேட்கும். இரண்டு தட்டு தட்டினால் ஹார்ட் டிஸ்க் முழுவதும் ஒரே கோப்பாக வெளி டிஸ்க்கில் இறங்கிவிடும். 2021 ஆகஸ்டில் அவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழைய ஹார்ட் டிஸ்க்கை வீணாக்க வேண்டாம் என்று அதையும் புதிய பெட்டிக்குள்ளேயே இரண்டாவது டிஸ்க்காக மாட்டிவிட்டார்கள். சிடி போடும் வசதி புதியதில் இல்லாததால் சிடியில் இருந்ததைப் பென் டிரைவுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். அதன் பிறகும் மாதக் கடைசியில் வழக்கம்போல நகல் எடுத்தார். திரையில் ஒரே ஒரு டிஸ்க்தான் தெரிந்தது. முன்பும் ஒன்றுதான் தெரிந்தது என்பதால் அவருக்கு ஐயம் எழவில்லை. முடிந்ததும் "வெற்றி" என்று வந்தது.

அந்த ஒரு டிஸ்க் பழைய டிஸ்க். விண்டோஸும் கணக்கும் இருந்த புதிய டிஸ்க்கை அந்த மென்பொருளுக்குக் கண் தெரியவே இல்லை.

ஒரு தடயம் மட்டும் இருந்தது; யாரும் கவனிக்கவில்லை. அந்த நகல் கோப்பின் அளவு மூன்று ஆண்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாள்தோறும் பில் போடுகிற கடையில் கணக்கு வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லவா? உங்கள் நகலின் அளவு சென்ற மாதத்திலும் இந்த மாதத்திலும் இம்மியும் மாறாமல் இருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

கண் தெரியாததன் காரணம்

டிஸ்க்கை அப்படியே அச்சு எடுக்கும் மென்பொருள்களில் பெயர் பெற்றது கோஸ்ட். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பைனரி ரிசர்ச் என்ற சிறு நிறுவனம் 1990-களின் நடுவில் உருவாக்கியது. 1998-இல் சிமான்டெக் நிறுவனம் அதை வாங்கி, நார்ட்டன் பெயரைச் சேர்த்து விற்றது. அந்தக் காலத்தில் பிளாப்பியிலிருந்தே ஓடும். மெக்கானிக்குகள் "கோஸ்ட் எடுத்துவிட்டேன்" என்று வினைச்சொல்லாகவே அதைப் பேசினார்கள். தனியாருக்கான நார்ட்டன் கோஸ்ட் விற்பனை 2013 ஏப்ரலோடு நிறுத்தப்பட்டது. விற்பனை நின்றாலும் சிடிக்கள் நின்றுவிடுவதில்லை. கடை அலமாரிகளில், மெக்கானிக்கின் பையில், இந்த வகை மென்பொருள் இன்றும் உலவுகிறது. ஒருமுறை வாங்கியது இருபது ஆண்டு உழைக்கட்டும் என்று நினைப்பது வியாபாரிக்கு இயல்பு. நம் கடைத் தராசு அப்படித்தான் உழைக்கிறது. கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

2009-இல் டிஸ்க் என்றால் சாட்டா கேபிளில் மாட்டிய பெட்டி. இப்போது வருவது விரல் நீளத்தில் தாய்ப்பலகையிலேயே செருகும் சில்லு. அதை என்விஎம்இ என்கிறார்கள். கம்ப்யூட்டர் அதனோடு பேசும் மொழியே வேறு. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7-க்கே அந்த மொழி பிறவியில் தெரியாது. பிறகு இணைப்பு கொடுத்துத்தான் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கும் மூத்த சிடிக்கு எப்படித் தெரியும்? தெரியாததைத் "தெரியவில்லை" என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. தன் கண்ணுக்குப் பட்டதை மட்டும் வரிசையாகக் காட்டும். இல்லாததைப் பற்றி வாய் திறக்காது. சில புதிய இன்டெல் கம்ப்யூட்டர்களில் விஎம்டி என்ற ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தால், ஓரளவு புதிய நகல் மென்பொருளுக்குக்கூட டிஸ்க் தெரியாமல் போவது உண்டு.

டிஸ்க் கண்ணுக்குத் தெரிந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. ஒவ்வொரு டிஸ்க்கின் முதல் பக்கத்திலும் "எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது" என்ற பொருளடக்கம் உண்டு. 1983 முதல் வழக்கில் இருந்த பழைய பொருளடக்கம் எம்பிஆர். அதில் பக்க எண் எழுத ஒதுக்கிய கட்டம் மிகச் சிறியது. 512 பைட் கொண்ட பக்கங்களாக எண்ணினால் சுமார் 2.2 இலட்சம் கோடி பைட், அதாவது ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் எண் போட இடம் இருக்காது. புதிய கம்ப்யூட்டர்கள் ஜிபிடி என்ற பெரிய பொருளடக்கத்தைப் பயன்படுத்துகின்றன. அதன் படி ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். பழைய மென்பொருள்கள் தெரியாமல் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக முதல் பக்கத்தில் பழைய பாணியில் ஒரு போலிப் பொருளடக்கமும் ஒட்டியிருக்கும். பழைய மென்பொருள் அந்தப் போலியைப் படித்து, டிஸ்க் முழுவதும் ஒரே இனம் தெரியாத பகுதி என்று முடிவு கட்டிவிடும். அப்படி எடுத்த நகலைத் திரும்ப ஏற்றினால் கம்ப்யூட்டர் எழும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பே வாசலில் காவல்காரன் நிற்கிறான். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, கையெழுத்து இல்லாத எதையும் கம்ப்யூட்டர் எழும்போது உள்ளே விடாத செக்யூர் பூட் என்ற பூட்டு பரவலாயிற்று. பழைய சிடி ஓடாவிட்டால், மெக்கானிக் முதல் வேலையாக அந்தப் பூட்டைக் கழற்றி "பழைய முறை"க்கு மாற்றுவார். சிடி ஓடிவிடும். மாற்றியதைத் திரும்பப் பூட்டினாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல புதிய பெட்டிகளில் பழைய முறை என்பதே கிடையாது.

சாவி யாரிடம்?

நம் உறுப்பினர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது இந்தப் பகுதி. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு இணைப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்தப்பட்டன. அதையொட்டிப் பலர் விண்டோஸ் 11 உள்ள புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். இவற்றில் பலவற்றில், நாம் கேட்காமலேயே டிஸ்க் முழுவதும் சங்கேதத்தில் பூட்டப்பட்டிருக்கும். அன்றாட வேலையில் இது தெரியவே தெரியாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினாலோ, வெளியிலிருந்து எழுப்பிய மென்பொருளால் நகல் எடுத்தாலோதான் தெரியும். அப்படி எடுத்த நகலும் பூட்டியபடியே வரும். திறக்க 48 இலக்கச் சாவி எண் வேண்டும்.

அந்த எண் எங்கே இருக்கும்? பெரும்பாலும் கம்ப்யூட்டரை முதன்முதல் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு யாருடையது? நாம் கடையில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். விற்றவரோ மெக்கானிக்கோ தன் ஈமெயிலைப் போட்டு ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பார். அவர்மேல் தவறான எண்ணம் வேண்டியதில்லை, உதவியாகத்தான் செய்திருப்பார். ஆனாலும் நம் கல்லாப்பெட்டிச் சாவி அவர் பையில் இருக்கிறது என்பதே நிலைமை. அவர் ஊர் மாறிவிட்டால்? ஈமெயிலை மறந்துவிட்டால்? உங்கள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லி, 48 எண்ணையும் காகிதத்தில் எழுதி, பத்திரம் வைக்கிற இடத்தில் வையுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சட்டம் கேட்பது

நகல் எடுப்பது நம் சௌகரியத்துக்கு மட்டும் அல்ல. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்குரிய ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போருக்கு விதி 57 இன்னொன்றும் சொல்கிறது: விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ கணக்கு அழிந்தால், நியாயமான காலத்துக்குள் மீட்கும் வகையில் காப்பு நகல் இருக்க வேண்டும். நகல் எடுத்தீர்களா என்பதோடு விதி நிற்கவில்லை. அதிலிருந்து மீட்க முடியுமா என்றும் கேட்கிறது. நம் உறுப்பினர் மூன்று ஆண்டு நகல் எடுத்தார்; மீட்க முடியவில்லை.

காரைக்கால்காரர்களுக்கு இதில் தனிச் சுமை உண்டு. வாஞ்சூர் தாண்டி நாகூரில் ஒரு மூட்டை வாங்கினாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் வந்த சரக்கு. கும்பகோணத்துப் பருப்பும் நாகப்பட்டினத்து உப்பும் நமக்கு வெளிமாநிலக் கொள்முதல்தான். ஐஜிஎஸ்டி வரவைக் கணக்கில் காட்ட ஒவ்வொரு பில்லும் தேவை.

அவருக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். கொள்முதல் பெரும்பாலும் திரும்பக் கிடைத்தது. விற்றவர்கள் ஏற்றிய பில்கள் ஜிஎஸ்டி தளத்தில் இருந்தன. ஆடிட்டர் எடுத்துக் கொடுத்தார். பதிவெண் உள்ள கடைகளுக்கு விற்றதும் அவரே தாக்கல் செய்த ரிட்டர்னில் இருந்தது. ஆனால் பதிவெண் இல்லாத சிறு கடைகளுக்குக் கொடுத்ததெல்லாம் அங்கே மொத்தத் தொகையாகத்தான் நிற்கும். எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை, யார் எவ்வளவு பாக்கி என்பது அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டியவர் கடைக்காரர் ஒருவர்தான்.

பொங்கலுக்கு முன்பும் பின்பும் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருப்பட்டினம் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். "அண்ணே, உங்க கணக்குல நான் எவ்வளவு வரணும்னு இருக்கு?" என்று கொடுத்தவரே வாங்கியவரிடம் கேட்க நேர்ந்தது. பெரும்பாலோர் தங்கள் சிட்டையைப் பிரித்து உள்ளதைச் சொன்னார்கள். சிலர் சிட்டை இல்லை என்றார்கள். சிலர் சொன்ன தொகை அவர் நினைவில் இருந்ததில் பாதிதான். அவர்களோடு அவர் வழக்காடவில்லை. அடுத்த லோடு அனுப்புகிறவர் எப்படி வழக்காடுவார்?

என்ன செய்யலாம்

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கணக்கை நகல் எடுப்பது ஒன்று. டிஸ்க் முழுவதையும் அச்சு எடுப்பது வேறொன்று. கணக்கு மென்பொருளிலேயே பேக்கப் என்ற வசதி இருக்கும். அது எடுக்கும் கோப்பு சிறியது. கடை அடைக்கும்போது நாள்தோறும் எடுத்துவிடலாம். எந்தக் கம்ப்யூட்டரிலும் அதே மென்பொருளை ஏற்றி அதைத் திறக்கலாம். ஒரு எச்சரிக்கை: புதிய பதிப்பில் எழுதிய கணக்கைப் பழைய பதிப்பு திறக்காது. நம் உறுப்பினர் இதை மட்டும் செய்திருந்தால் கடை கடையாக அலைந்திருக்க வேண்டாம்.

முழு டிஸ்க் நகல், கம்ப்யூட்டரையே பழைய நிலையில் சீக்கிரம் எழுப்புவதற்காக. பில் மென்பொருள், பிரிண்டர், பார்கோடு என்று எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற ஒரு நாள் ஆகும்; நகல் இருந்தால் அந்த நாள் மிச்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். எடுக்கும் மென்பொருள் கம்ப்யூட்டரை விடப் புதியதாக இருக்க வேண்டும், அல்லது அதன் வயதையாவது ஒத்திருக்க வேண்டும். விலையில்லாமல் கிடைப்பவற்றில் தைவான் நாட்டுத் தேசியக் கணிப்பு மையத்தில் உருவான குளோன்சில்லா நல்லது, தொடர்ந்து புதுப்பிக்கிறார்கள். திரை ஆங்கிலத்தில் கறுப்பும் நீலமுமாக மிரட்டும். தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். நகல் வைக்கும் டிஸ்க்கையும் மூல டிஸ்க்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் உள்ளதும் அழிந்துவிடும்.

விண்டோஸ் 11-க்குள்ளேயே ஒரு பழைய நகல் கருவி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கன்ட்ரோல் பேனலில் அதன் பெயரே இன்னும் "விண்டோஸ் 7" என்ற அடைமொழியோடுதான் நிற்கிறது. இனி வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாப்ட் 2017-இலேயே சொல்லிவிட்டது. அவசரத்துக்கு உதவும். ஆனால் மூல டிஸ்க்கை விடச் சிறிய டிஸ்க்கில் திரும்ப ஏற்றாது. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

வெளியிலிருந்து எழுப்பி நகல் எடுக்கும்போது, அதற்கு முன் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் செய்து போக வேண்டும். விண்டோஸ் 8 முதல் ஷட் டவுன் என்பது பல கம்ப்யூட்டர்களில் அரைத் தூக்கம்தான். கதவைப் பாதி சாத்திய கடையில் சரக்கு எண்ணினால் கணக்கு எப்படி நிற்கும்?

நகல் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை என்ற நச்சு நிரல் உலகம் முழுவதும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அப்போது கேரளத்து ஊராட்சி அலுவலகங்கள் வரை அது வந்தது. இந்த வகை நிரல், செருகியிருக்கும் வெளி டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

ஒரு நகல் ஊருக்கு வெளியே இருக்கட்டும். 2004 டிசம்பர் 26-இல் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கடல் என்ன செய்தது என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. கடை பாரதியார் சாலையில், நகல் அதே சாலையில் உள்ள வீட்டில் என்றால் இரண்டும் ஒரே தண்ணீரில்தான் நனையும். கும்பகோணத்திலோ திருச்சியிலோ மகள் வீடு இருந்தால் அடுத்த முறை போகும்போது கையோடு கொண்டு போங்கள். மாங்கனித் திருவிழா கொண்டாடும் ஊர்க்காரர்கள் நாம். வணிகர் பரமதத்தன் இரண்டாவது மாங்கனியைக் கேட்டபோது அம்மையாருக்கு இறைவன் அருளால் கிடைத்தது. நாம் கேட்டால் அப்படி வந்து விழாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, எடுத்த நகலைத் திறந்து பார்ப்பது. உதிரி டிஸ்க் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டரில் உள்ள டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, உதிரியில் நகலை ஏற்றிப் பாருங்கள். கம்ப்யூட்டர் எழுகிறதா, கணக்கு திறக்கிறதா, நேற்றுப் போட்ட கடைசி பில் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்று இதற்குச் சரியாக இருக்கும்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு சங்கத்தில் உதிரி டிஸ்க் ஒன்று வாங்கி வைத்து, விருப்பமுள்ள உறுப்பினர்கள் ஆறு பேரின் நகல்களை ஒரு ஞாயிறு ஏற்றிப் பார்த்தோம். இரண்டு பேருடையது முழுமையாக எழுந்தது. ஒருவருடையது சாவி எண் கேட்டு நின்றது. தொலைபேசியில் மெக்கானிக்கைப் பிடித்து வாங்குவதற்குள் மாலையாகிவிட்டது. ஒருவருடையதில் டிஸ்க் பாதிதான் இருந்தது. ஐந்தாமவர் தன் நகலை எங்கே வைத்தோம் என்று இன்னும் தேடுகிறார். ஆறாமவர் "எட்டு ஆண்டுக் கணக்கு இதில் இருக்கிறது" என்று பெருமையாக நீட்டிய டிஸ்க்கில் இருந்தது அவர் மகன் திருமண வீடியோ. வீடியோ தெளிவாகவே ஓடியது. உதிரி டிஸ்க் அலுவலகத்தில்தான் இருக்கிறது. மற்றவர்கள் மாலை வேளையில் வரலாம். வரும்போது உங்கள் மெக்கானிக்கையும் அழைத்து வாருங்கள்.